கணைய வலிக்குச் சீன மொழியில் ஓர் அளவுகோல்

கணையத்தில் கல் இருந்தால் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். கணையக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது, சுரப்பி எவ்வளவு சுருங்கிப்போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிடும். வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்பதை மட்டும் அந்தப் படத்திலிருந்து படிக்க முடியாது. நாள்பட்ட கணைய அழற்சி உள்ள அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, படத்தில் தெரியும் சிதைவுக்கும் நோயாளி சொல்லும் வலியின் போக்குக்கும் கடுமைக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. கல் நிறைந்த கணையத்தோடு வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், இரவெல்லாம் முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

ஆக, இந்த நோயில் வலியை அறிய நோயாளியின் வாய்மொழியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மாத்திரையின் பலத்தைக் கூட்டுவதா, மார்ஃபின் வகை மருந்துக்குப் போவதா, எண்டோஸ்கோபி வழியாகக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதா, வயிற்றைத் திறந்து அறுவை செய்வதா என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகிறது. நெதர்லாந்தில் 88 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்றப் பிரிவுக்கு முதலில் மருந்து, பிறகு எண்டோஸ்கோபி, அதுவும் பலிக்காவிட்டால் அறுவை என்று படிப்படியாகப் போனார்கள். முடிவு 2020-இல் வெளியானது. 18 மாதக் கண்காணிப்பில் முதல் பிரிவின் சராசரி வலி மதிப்பெண் 37, இரண்டாம் பிரிவினுடையது 49. அறுவையை எப்போது செய்வது என்ற நெடுநாள் விவாதத்தையே இந்த வித்தியாசம் திருப்பிவிட்டது. அந்த எண்கள் பிறந்தது எந்த இயந்திரத்திலும் இல்லை, நான்கே கேள்விகள் கொண்ட ஒரு தாளில்.

இப்படி ஒரு தாளை ஷாங்காயிலோ செங்டூவிலோ உள்ள நோயாளியிடம் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அது மாதக்கணக்கில் நீளும் வேலை. வலி வினாப்பட்டியல் படித்துத் தெரிந்துகொள்ளும் பிரதி அல்ல, அளக்கும் கருவி. வேறு மொழிக்குக் கொண்டுபோன பிறகும் அது அதே பொருளை, அதே அளவில் அளக்கிறதா என்று மெய்ப்பித்தாக வேண்டும்.

முதலில் நோயைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் சுரப்பி. நீளம் 15 சென்டிமீட்டர் அளவு. கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகளைச் சுரப்பதும், இன்சுலினை ரத்தத்தில் விடுவதும் அதன் பணி. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் என்ற நொதி, குடலுக்குப் போய்ச் சேருமுன் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் அது தன் வீட்டையே அரிக்கத் தொடங்கும். அழற்சி மீண்டும் மீண்டும் வந்தால் சுரப்பித் திசு நார்த்திசுவாக மாறுகிறது, குழாயில் சுண்ணாம்புக் கற்கள் படிகின்றன, நாளடைவில் செரிமானமும் கெட்டு நீரிழிவும் வருகிறது. மது, புகை, மரபணுக் குறை ஆகியவை தெரிந்த காரணங்கள். காரணம் பிடிபடாத நோயாளிகளும் ஏராளம்.

வலி ஏன் வருகிறது என்பதற்கு நெடுங்காலம் ஒரே விடைதான் சொல்லப்பட்டது: அடைபட்ட குழாயில் தண்ணீர் முட்டுவதுபோல, கல் அடைத்த கணையக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது என்றார்கள். கல்லை எடுத்து அடைப்பை நீக்கினால் வலி போக வேண்டும். பலருக்குப் போகிறது, எல்லோருக்கும் போவதில்லை. பிறகுதான் நரம்புகளின் பக்கம் பார்வை திரும்பியது. நோயுற்ற கணையத்தில் நரம்புகள் தடித்து, அவற்றைச் சுற்றி அழற்சிச் செல்கள் மொய்த்திருந்தன. ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் உணர்திறன் கூடிப்போய், சிறு தூண்டலையும் பெரிய வலியாக உணரத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்துக்கு வந்தவருக்குக் கல்லை உடைத்தாலும் வலி தங்கிவிடலாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் மருந்து இவர்களுக்கு உதவுகிறது என்று டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் இயங்கும் ஆய்வுக் குழு 2011-இல் காட்டியது. அதனால் ஒரு நல்ல வினாப்பட்டியல் வலி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எப்போது வருகிறது, எப்போது விடுகிறது, எதனால் கிளம்புகிறது, எங்கெல்லாம் பரவுகிறது, எப்படிப்பட்ட வலி என்றும் கேட்க வேண்டும். எந்த வகை வலி என்பதற்கான தடயம் அந்த விடைகளில்தான் இருக்கிறது.

வலியின் தன்மையைச் சொற்களால் பிடிக்கலாம் என்று முறையாகக் காட்டியவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். 1971-இல் அவரும் வாரன் டார்கர்சனும் ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 102 சொற்களைத் திரட்டினார்கள். எந்தச் சொல் எதோடு சேரும், எது எதைவிடக் கடுமையைக் காட்டுகிறது என்று மருத்துவர்கள், மாணவர்கள், நோயாளிகள் ஆகியோரிடம் கேட்டு வகைப்படுத்தினார்கள். அதிலிருந்து 20 தொகுதிகளில் 78 சொற்களோடு மெக்கில் வலி வினாப்பட்டியல் 1975-இல் வந்தது. 1987-இல் 15 சொற்களாகச் சுருங்கிய வடிவமும் வந்தது. பதினொன்று உடல் உணர்வைச் சொல்பவை, நான்கு மனத்தின் தவிப்பைச் சொல்பவை. நோயாளி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட வேண்டும்.

அந்தக் குறுவடிவத்தின் சீனப் பதிப்பு ஒன்று சீனாவில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதைச் சொல் சொல்லாக எடுத்துப் பார்ப்பது பெரிய பாடம். துடிக்கும் வலிக்குச் சீனத்தில் குதிக்கும் வலி என்று போட்டிருக்கிறார்கள். நாடி துள்ளுவதுபோன்ற வலி என்று எவருக்கும் புரியும். கத்தியால் அறுக்கும் வலி, கிழிக்கும் வலி, சுடும் எரிச்சல் வலி, இவற்றிலும் சிக்கல் இல்லை. ஆங்கில மூலத்தில் பாரமான வலி என்று இருக்கும் இடத்தில் சீனப் பதிப்பில் ஜாங் தோங் வருகிறது. இதன் பொருள் உள்ளே உப்பி விம்முவதுபோன்ற வலி. பாரம் ஒன்று, விம்மல் இன்னொன்று. வயிற்று நோயாளிகளைப் பொறுத்தவரை இது சிறு வேறுபாடு இல்லை. கணைய நொதி குறைந்து கொழுப்பு செரிக்காமல் வயிறு உப்புசம் கண்டிருப்பவர் ஜாங் தோங் என்பதற்கு உடனே ஆம் போட்டுவிடுவார். அவருடைய ஆங்கில இணை பாரம் என்ற சொல்லைப் படித்துவிட்டு இல்லை என்று தாண்டிப் போயிருப்பார். இருவருக்கும் ஒரே வலிதான் இருந்திருக்கும், ஆனால் மதிப்பெண் வேறாகிவிடும்.

இடைவிடாமல் மந்தமாக நோகும் வலிக்கு ஆங்கிலத்தில் ஓர் எளிய அன்றாடச் சொல் உண்டு. அதன் இடத்தில் சீனப் பதிப்பு தொடர்ச்சியான, நிலைத்த இடத்தில் இருக்கும் வலி என்று விளக்கமே எழுதிவிட்டது. மூலச்சொல்லில் இடம் மாறுமா மாறாதா என்ற பேச்சே இல்லை. மனத் தவிப்புச் சொற்களில் ஒன்று, குமட்டிக்கொண்டு வரும் அளவுக்கு அருவருப்பூட்டும் வலியைச் சொல்வது. சீனத்தில் அது யென்ஃபான் ஆனது. சலிப்பு, வெறுத்துப்போதல் என்று பொருள். கணைய அழற்சியில் குமட்டலும் வாந்தியும் வலியோடு கூடவே வருபவை. அந்த உடல் உணர்வு இந்தச் சொல்லில் காணாமல்போய், நோயோடு மாரடித்து அலுத்துப்போன மனம் மட்டும் மிஞ்சுகிறது.

இதை மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஆங்கில நோயாளிகளின் வாயிலிருந்து பிறந்த பட்டியல். சீன நோயாளிகளின் பட்டியலை யாராவது முதலிலிருந்து திரட்டியிருந்தால் அதில் சுவான் என்ற சொல் கட்டாயம் இருந்திருக்கும். புளிப்புக்கும், தசையும் மூட்டும் அசந்து நோகும் உணர்வுக்கும் சீனத்தில் அந்த ஒரே சொல்தான். மா என்பதும் இருந்திருக்கும், அது மரத்துப்போவது. யின்தோங் என்று ஒன்று உண்டு: உள்ளே மறைந்து கிடந்து மெல்ல நோகும் வலி. சீன மருத்துவர்கள் வயிற்று வலிக் குறிப்புகளில் அதை அன்றாடம் எழுதுகிறார்கள். மெக்கில் பட்டியலைத் தம் மொழிக்குக் கொண்டுபோனபோது ஃபின்லாந்து ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பில் இறங்கவே இல்லை. மெல்சாக்கின் வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் மக்கள் பேசும் சொற்களை 1981 வாக்கில் புதிதாகத் திரட்டினார்கள். சொல்லைவிட வழிமுறையைப் பெயர்ப்பது நேர்மையான வேலை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: இரு மொழிகளின் மதிப்பெண்களை ஒரே அட்டவணையில் வைத்துக் கூட்ட முடியாது.

நாள்பட்ட கணைய அழற்சியில் அந்தக் கூட்டல் தேவைப்படுகிறது. எந்த ஒரு நாட்டிலும் ஆய்வுக்குப் போதிய நோயாளிகள் எளிதில் கிடைப்பதில்லை. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்தால்தான் ஒரு மருந்தின் பயன் தெளிவாகத் தெரியும். டென்மார்க், நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து இந்த நோய்க்கென்றே கம்பாட் என்ற விரிவான வலி மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியது இதற்காகத்தான். அது மிக நீளமாக இருந்ததால், ஆறே கேள்விகளில் அடங்கும் கம்பாட்-எஸ்.எஃப். என்ற குறுவடிவம் 2022-இல் வந்தது. வலியின் கடுமை, காலப்போக்கு, தூண்டும் காரணங்கள், உடலில் பரவல், தன்மையைச் சொல்லும் சொற்கள் என ஐந்து பரிமாணங்களை அது அளக்கிறது.

முன்பு பெரிதும் பயன்பட்டது, நெதர்லாந்து ஆய்வில் 37, 49 என்று எண்களைத் தந்தது, ஜெர்மனியில் இஸ்பிக்கி என்ற அறுவை மருத்துவர் 1990-களில் பரப்பிய மதிப்பெண். வலி எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கடுமை, என்ன வலிமருந்து தேவைப்படுகிறது, எத்தனை காலம் வேலைக்குப் போக முடியவில்லை என்ற நான்கே கேள்விகள். இதை நேராகச் சீனத்துக்குக் கொண்டுபோனால் மொழிக்கு முன்பே சமூகம் குறுக்கே நிற்கும். வலிமருந்தின் பலம் வலியை மட்டும் பொறுத்ததில்லை. மார்ஃபின் வகை மருந்துகளை மருத்துவர்கள் எவ்வளவு தாராளமாக எழுதுகிறார்கள், சட்டம் எவ்வளவு இறுக்கம் என்பதையும் பொறுத்தது. மருந்தே கிடைக்காத ஊரில் உள்ளவர், அந்தக் கேள்வியில் குறைந்த வலிக்காரராகப் பதிவாகிவிடுவார். வேலைக்குப் போகாத நாள்களின் கணக்கும் அப்படித்தான். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உள்ள ஊழியர் வலி வந்தால் படுத்துக்கொள்ளலாம். சொந்த நிலத்தில் நாற்று நடும் விவசாயிக்கு அந்த வசதி இல்லை. வலியோடு வயலில் இறங்குவார், கேள்வித்தாளில் நலமானவராகத் தெரிவார்.

சீனர்கள் வலியைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள், அதனால்தான் குறைவாகச் சொல்கிறார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். மருத்துவ இதழ்களிலும் இந்த வாதம் தலைகாட்டுகிறது. எனக்கு இது சோம்பேறித்தனமான விளக்கமாகவே படுகிறது. ஒரு மக்களின் குணத்தைப் பேசுமுன், கேட்ட கேள்வி அவர்களைச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்திருக்க வேண்டும்.

சீனாவில் இந்த நோய் அரிதாகவே இருந்தது. ஆனால் ஏறிக்கொண்டே வந்தது: 1996-இல் ஒரு லட்சம் பேருக்கு 3 பேர் என்று இருந்த கணக்கு 2003-இல் 13-ஐத் தாண்டியது. ஷாங்காயின் சாங்ஹாய் மருத்துவமனை இதில் பெரிய மையம். கணையக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் நொறுக்கும் சிகிச்சையை அங்கே மிகப் பெரிய அளவில் செய்கிறார்கள். மேற்கில் மதுவே முதன்மைக் காரணம். சாங்ஹாயின் பெரிய நோயாளித் தொகுப்பில் மதுவால் வந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். டிரிப்சினைக் கணையத்துக்குள் அடக்கிவைக்கும் புரதத்தை உண்டாக்கும் ஸ்பிங்க்-1 மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்கள் அங்கே கணிசம். இதே மரபணுவில் வேறொரு மாற்றம் தென்னிந்தியாவின் கணைய அழற்சியிலும் அடிக்கடி காணப்படுகிறது. கேரளமும் தமிழ்நாடும் இந்த நோய் உலகிலேயே அதிகம் தென்படும் பகுதிகளுள் அடங்கும். லட்சத்துக்கு 114 முதல் 200 பேர் வரை என்ற மதிப்பீடு மருத்துவ நூல்களில் காணக் கிடைக்கும். ஷாங்காயில் வினாப்பட்டியலுக்கு நேர்வது நமக்கும் பக்கத்து விஷயம்தான்.

ஒரு வினாப்பட்டியலை மொழி மாற்றுவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நடைமுறை உண்டு. டார்கஸ் பீட்டனும் அவருடைய சகாக்களும் 2000-இல் அதை வகுத்து எழுதினார்கள். இலக்கு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவப் பொருள் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது; அந்த இரண்டாமவரின் கைதான் மக்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே பிரதியாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குப் பெயர்ப்பார்கள். மருத்துவர்கள், மொழியறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து எல்லாப் பிரதிகளையும் ஒப்பிட்டு முடிவு செய்வார்கள். கடைசியில் 30 முதல் 40 பேரிடம் கொடுத்துச் சோதிப்பார்கள்.

திரும்ப மொழிபெயர்ப்பது கேட்பதற்கு உறுதியான சோதனைபோல இருக்கிறது. அது தரும் நிம்மதி பொய்யாகவும் இருக்கலாம். வலி முதுகுக்குப் பரவுகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். சீன மருத்துவ நூல்களில் பரவும் வலிக்கு ஃபாங்ஷெ என்ற சொல் இருக்கிறது. அதைப் போட்டால், திரும்ப மொழிபெயர்ப்பவர் மூலச்சொல்லை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்துவிடுவார். குழு திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஆனால் அதே ஃபாங்ஷெதான் கதிர்வீச்சுக்கும் பெயர். மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்கும் பிரிவின் கதவுப் பலகையில் நோயாளி படிப்பதும் அந்தச் சொல்தான். கல்வி குறைந்த ஒரு முதியவர் கேள்வியை என்னவென்று எடுத்துக்கொள்வார் என்பதை எந்த மறு மொழிபெயர்ப்பும் காட்டாது. வலி முதுகுப் பக்கம் ஓடுகிறதா என்று பேச்சுவழக்கில் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படிக் கேட்ட வாக்கியம் திரும்பி வரும்போது மூலத்தோடு கொஞ்சம் பொருந்தாமல்தான் வரும். அந்தப் பொருத்தமின்மையை ஏற்கும் துணிச்சல் குழுவுக்கு வேண்டும்.

வலி எங்கே என்பதிலும் இதே சிக்கல். நெஞ்சுக்குழியில் வரும் வலியைச் சீனப் பேச்சில் ஷின்கோவ் வலி என்பார்கள். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் இதயத்தின் வாய். கிராமத்திலிருந்து வருபவர் இதைச் சொல்லும்போது அவர் கை பெரும்பாலும் மேல்வயிற்றில் இருக்கும். தாளில் மார்பு, வயிறு என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால் அவர் எதில் குறியிடுவார்? உடலின் படத்தைக் கொடுத்து நிழலிடச் சொல்வது இதனால்தான் நல்லது. படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆனால் படமும் எல்லோருக்கும் ஒரேபோல் அமைவதில்லை. வலியின் அளவைக் கோட்டில் குறிக்கச் சொல்லி ஹாங்காங்கில் செய்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சீன நோயாளிகள் படுக்கைக் கோட்டைவிட நிற்கும் கோட்டில் குறைவாகத் தவறு செய்தார்கள். மேலிருந்து கீழாக எழுதிப் படித்த பழக்கம் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

காலம் பற்றிய கேள்விகள்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வாழ்க்கைத் தரத்தைக் கெடுப்பதில் வலியின் கடுமையைவிட அதன் இடைவிடாத தன்மைக்கே பங்கு அதிகம் என்று கண்டது. அவ்வப்போது உயிர் போகும்படி வந்து விடுகிற வலியைவிட, விடாமல் நோகும் நடுத்தர வலி ஆளை முடக்குகிறது. ஆகவே, வலியே இல்லாமல் இருந்துவிட்டு இடையிடையே தாக்குகிறதா, எப்போதும் இருந்துகொண்டு இடையிடையே ஏறுகிறதா என்ற வேறுபாட்டை நோயாளி தெளிவாகப் பிடித்தாக வேண்டும். சீன வினைச்சொற்கள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நேற்று, கடந்த வாரம், இப்போது என்று காலச்சொல் போட்டால்தான் காலம் தெரியும். ஒரு பக்கத்தின் தலைப்பில் மட்டும் கடந்த 7 நாள் என்று எழுதிவிட்டுக் கீழே கேள்விகளை அடுக்கினால், நான்காவது கேள்விக்கு வருவதற்குள் அந்த வரம்பு மறந்துபோய் நோயாளி தன் நோய்க்காலம் முழுவதையும் நினைத்து விடை சொல்லத் தொடங்கலாம். ஒவ்வொரு கேள்வியிலும் காலத்தைத் திரும்பச் சொல்வதே வழி. படிக்க அலுப்பாக இருக்கும், பரவாயில்லை.

தூண்டும் காரணங்களில் இன்னொரு வலை விரிந்திருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலி வருகிறதா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். வலிக்குப் பயந்து அவர்கள் எண்ணெயைத் தொட்டே வருடக்கணக்காகியிருக்கும். வயிற்று நோய் என்றதும் கஞ்சி, வேகவைத்த காய் என்று உப்பும் எண்ணெயும் குறைந்த உணவுக்கு மாறச் சொல்வது சீனத்தில் மருத்துவர் முதல் மாமியார் வரை எல்லோரும் தரும் அறிவுரை. தவிர்ப்பவரின் இல்லையும் சாப்பிட்டும் வலி வராதவரின் இல்லையும் ஒன்றாகிவிடக் கூடாது. மதுவைக் கேட்பதும் அப்படித்தான்: மேற்கத்திய வினாப்பட்டியல்களில் வரும் ஒரு பானம் என்ற அலகு அங்கே புழக்கத்தில் இல்லை. பாய்ஜியூ என்ற கடும் சாராயத்தை லியாங் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு லியாங் 50 கிராம். இரண்டு லியாங் என்று சொல்கிறவரிடம் எத்தனை கோப்பை என்று வற்புறுத்திக் கேட்டால் கிடைப்பது ஊகம்.

இவற்றில் எதுவும் ஆய்வாளர்களின் அறைக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடியது இல்லை. நோயாளிகளோடு ஒவ்வொருவராக உட்கார வேண்டும். கேள்வியைப் படிக்கச் சொல்லி, உங்கள் சொந்த வார்த்தையில் இது என்ன கேட்கிறது என்று சொல்லுங்கள் என்பார்கள். 6 என்று எண் போட்டால் ஏன் 5 இல்லை, ஏன் 7 இல்லை என்று கேட்பார்கள். எந்த வலியை நினைத்துக்கொண்டு பதில் சொன்னீர்கள் என்பார்கள். கேட்கிறவர் அவருக்கு மருந்து எழுதும் மருத்துவராக இருக்கக் கூடாது. தமக்குச் சிகிச்சை தருகிறவரிடம் உங்கள் கேள்வி விளங்கவில்லை என்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் கிடைப்பது கடினம். ஷாங்காய் வட்டாரப் பேச்சோ சிச்சுவான் பேச்சோ மட்டும் புழங்கும் முதியவர்களுக்குச் செவிலியர் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் அவர் படிக்கும் முறையையும் முன்கூட்டியே வகுத்துவைக்க வேண்டும். பல ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கட்டம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சிலரிடம் காட்டினோம், எல்லோருக்கும் புரிந்தது என்பதே அந்த வரி. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தடுமாறினார்கள், அதை எப்படி மாற்றினார்கள் என்று எழுதியிருக்கும் கட்டுரையையே நான் நம்புவேன்.

பிறகு எண்களின் முறை. நிபுணர்கள் ஒவ்வொரு கேள்வியின் பொருத்தத்தையும் மதிப்பிட்டு உள்ளடக்கக் குறியீடு கணக்கிடுவார்கள். லீ கிரான்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபா என்ற எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும், 0.70-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வழக்கம். கம்பாட்-எஸ்.எஃப். போன்ற கருவிக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. வலி பரவுவதும் வலி உணவால் தூண்டப்படுவதும் ஒன்றின் இரு முகங்கள் இல்லை; அவை ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆல்ஃபா குறைகிறதே என்று ஒரு கேள்வியை நீக்கினால், நோயின் ஒரு பக்கத்தையே வெட்டி எறிந்ததாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கருவி வேண்டும். சார்ல்ஸ் கிளீலண்ட் உருவாக்கிய சுருக்க வலிப் பட்டியலுக்குப் புற்றுநோய் வலிக்கான சீனப் பதிப்பு 1996-லேயே வந்திருக்கிறது. வலியின் கடுமையோடு தூக்கம், நடை, மனநிலை, வேலை முதலிய ஏழு விஷயங்களில் அது எவ்வளவு குறுக்கிடுகிறது என்றும் அது கேட்கும். புதிய கருவியில் கூடுதல் மதிப்பெண் பெறுகிறவர்கள் இதிலும் கூடுதலாகப் பெற வேண்டும்.

அதே ஆளிடம் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அதே விடை வருகிறதா என்பது இன்னொரு சோதனை. உயரத்தை அளக்கும் கோலுக்கு இது எளிது. கணைய அழற்சியில் இரண்டு வாரத்தில் வலியே மாறிவிட்டிருக்கலாம்; அப்போது விடை மாறுவது கருவியின் குற்றமாகாது. இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்தால், நோயாளி நேற்று எழுதிய விடையை நினைவிலிருந்து எழுதிவிடுவார். எனவே, வலி முன்போலவேதான் இருக்கிறது என்று தாமே சொல்பவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது வழக்கம். அப்படிச் சலித்த பிறகு மிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் விடாத வலிக்காரர்கள். வந்து வந்து போகும் வலிக்காரர்களிடம் கருவி நிலையாக அளக்கிறதா என்ற கேள்வி பாதி விடையோடு நின்றுவிடுகிறது.

ஆல்போர்க் நோயாளியின் எண்ணையும் ஷாங்காய் நோயாளியின் எண்ணையும் ஒரே ஆய்வில் சேர்ப்பதற்கு முன், ஒட்டுமொத்த வலி ஒரே அளவில் உள்ள டேனிஷ் நோயாளியும் சீன நோயாளியும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு வெவ்வேறாக விடையளிக்கிறார்களா என்று கேள்வி கேள்வியாகப் பார்க்க வேண்டும். விம்மும் வலியைப் போன்ற சொற்கள் இதில்தான் மாட்டிக்கொள்ளும். மாட்டிய சொல்லை எறிய வேண்டியதில்லை. நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டில் அதைச் சேர்க்காமல், சீன மருத்துவர் தம் நோயாளியைப் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் எத்தனை மதிப்பெண் குறைந்தால் நோயாளி தேவலாம் என்று உணர்கிறார் என்பதும் தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணை டென்மார்க்கிலிருந்து இரவல் வாங்க முடியாது. கல்லை நொறுக்குவதற்கு முன்னும், நொறுக்கிச் சில மாதங்கள் கழித்தும் அதே சீன நோயாளிகளிடம் தாளைக் கொடுத்து, வலி குறைந்திருக்கிறதா என்று தனியாகவும் கேட்டு, இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் அதை எடுக்க முடியும்.